இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பிடித்த ரசீதும்: அமெரிக்கக் கறுப்பின நடுத்தர வர்க்கம்

#1 கிழக்குக்கரை
சனி, இரவு 9.40

மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நாங்கள் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே ஒரு பாடம்: இதை 'பி.ஜி.' என்று சுருக்கிச் சொல்லக் கூடாது. வெளியூர்க்காரர்கள் இளக்காரமாகச் சொல்லிச் சொல்லியே அந்தச் சுருக்கம் கெட்டுப்போயிருக்கிறது. இங்கே இருப்பவர்களில் நிறையப் பேருக்கு முழுப்பெயர்தான் மரியாதை.

வாஷிங்டனுக்குக் கிழக்கே ஒட்டி இருக்கும் கவுண்டி. 1970-ல் இங்கே ஏழு பேரில் ஒருவர்தான் கறுப்பினத்தவர், 1990-ல் பாதிப்பேர். தலைநகரத்து அரசாங்க வேலை, பதவி உயர்வு, அந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடு என்று ஒரு தலைமுறையே இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்தும் வசதியான கவுண்டி என்று நாடு முழுக்கப் பேர். ('இருந்தும்' என்று கை தானாக எழுதிவிட்டது. அழிக்காமல் விடுகிறேன், அதுவும் இந்தப் பேச்சுக்குள் வரும்.)

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மத்திய அரசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பள்ளி முதல்வராக இருந்தவர். எங்களைவிட நல்ல வசதி. ஆனால் சனிக்கிழமை ஆணி வாங்கப் போனால்கூட இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நான் கல்லூரிக் காலத்து டீ சர்ட்டும் அரைக்கால் சட்டையுமாகப் போகிற ஆள். போன மாதம் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போனோம். வெளியே வரும்போது ரசீதைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்திருந்தார், கார் கதவைத் திறக்கும் வரைக்கும். நான் ரசீதே வாங்கவில்லை.

வசதி வந்துவிட்டால் நிறம் பின்னுக்குப் போய்விடும் என்றுதான் இந்த நாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரசீது உறுத்துகிறது. படித்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்: இவர்கள் தங்களை முதலில் எதுவாக நினைக்கிறார்கள்? நடுத்தர வர்க்கமாகவா, கறுப்பினத்தவராகவா?


#2 நெல்லைச்சீமை
சனி, இரவு 10.15

நண்பரே, என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ரேஷன் கடைக்குப் போனாலும் கஞ்சி போட்ட சட்டைதான். முதல் தலைமுறையாக மேலே வந்தவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான். கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் சட்டையில் தெரியும். இதில் இனத்தை ஏன் கொண்டுவருகிறீர்கள்?

வில்லியம் ஜூலியஸ் வில்சன் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் 1978-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். ஒருவரின் வாழ்க்கை வாய்ப்பைத் தீர்மானிப்பதில் இனத்தின் பங்கு குறைந்து வர்க்கத்தின் பங்கு கூடுகிறது என்பது அவர் வாதம். 2007-ல் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் கேட்டபோது கறுப்பினத்தவரிலேயே 37 சதவீதம் பேர், தங்களை இனியும் ஒரே இனமாகப் பார்க்க முடியாது, உள்ளே அவ்வளவு வேற்றுமை வந்துவிட்டது என்றார்கள். அவர்களே சொல்கிறபோது நாம் எதற்கு வெளியே நின்று இல்லை என்பது?


#3 பழைய இதழ்
சனி, இரவு 11.30

நெல்லை, உங்கள் அப்பா கஞ்சிச் சட்டை போட்டது மரியாதை கிடைக்க. போடாமல் போனால் மரியாதை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பின்னாலேயே காவலாளி வருவானா? கிழக்குக்கரை பார்த்ததில் முக்கியமானது ரசீதுதான், சட்டையைவிட.

கேரின் லேசி என்ற சமூகவியலாளர் 2007-ல் வெளியிட்ட புத்தகம் முழுக்க வாஷிங்டனைச் சுற்றிய புறநகர்களில் வாழும் வசதியான கறுப்பினக் குடும்பங்களைப் பற்றியது. அவர் கண்டதும் இதேதான். கடைக்குப் போகும்போது, வீடு பார்க்கப் போகும்போது, அலுவலகத்தில் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வெளித்தோற்றத்தை யோசித்தே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். உடை, பேச்சு, உச்சரிப்பு எல்லாம் அதில் சேரும். எதிரே நிற்பவர் தங்கள் நிறத்தைப் படிப்பதற்குள் வர்க்கத்தைப் படித்துவிட வேண்டும் என்ற ஓட்டப்பந்தயம் அது. அதே குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை கறுப்பினத் தேவாலயத்துக்குப் போகிறார்கள், பிள்ளைகளைக் கறுப்பினப் பிள்ளைகளோடு பழக வைக்கப் பாடுபடுகிறார்கள். அதையும் லேசி எழுதுகிறார். வெள்ளையர் உலகத்தில் புழங்கத் தெரிய வேண்டும், அதிலேயே கரைந்துவிடவும் கூடாது.

பியூ கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்களே. அதே ஆய்வில் 53 சதவீதம் பேர் ஒரே இனம் என்றுதான் சொன்னார்கள். வில்சனின் புத்தகமும் தலைப்பை மட்டும் வைத்து அடிக்கடி மேற்கோளாகிறது. அவருடைய பெரிய கவலை, வசதி வந்தவர்கள் வெளியேறிய பிறகு நகரத்துக்குள் தனித்துவிடப்பட்ட ஏழைகளைப் பற்றியது.

இன்னொன்று. அங்கே 'நடுத்தர வர்க்கம்' என்ற சொல்லையே வேறு அளவுகோலில் பார்க்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் கறுப்பினப் பகுதியில் தபால்காரர் என்றால் பெரிய மனிதர். புல்மேன் ரயில் பெட்டிகளில் வெள்ளைப் பயணிகளுக்குப் படுக்கை விரித்து ஷூ துடைத்த போர்ட்டரும் தன் தெருவில் கௌரவமான ஆள்தான்: நிரந்தர வேலை, நாலு ஊர் பார்த்த அனுபவம். ரயிலுக்குள் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மேன் என்பதால் எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்கள். ரயிலில் ஜார்ஜ், வீட்டுத் தெருவில் மிஸ்டர் இன்னார். 1925-ல் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் பணமும் ஆளும் கொடுத்தது அந்தச் சங்கம். ஒரே நாளில் இரண்டு வர்க்கத்தில் வாழ்ந்த மனிதர்கள்!


#4 கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 7.05

நான் எண்ணோடு வருகிறேன், கோபிக்காதீர்கள்.

சம்பளத்தைப் பார்த்தால் கறுப்பின நடுத்தர வர்க்கம் என்று ஒன்று நிச்சயமாக இருக்கிறது. சொத்தைப் பார்த்தால் தரை நழுவுகிறது. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த குடும்ப நிதிக் கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. சம்பள வித்தியாசம் இவ்வளவு பெரியதில்லை. ஆக, ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், ஒரே சம்பளத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் ஒன்றல்ல. ஒருவருக்கு முன்பணம் தாத்தா விட்டுப்போன வீட்டை விற்ற காசில் வந்திருக்கும். இன்னொருவருக்கு அது பத்து வருஷச் சேமிப்பு. வேலை போனால் முதலாமவர் இரண்டு வருஷம் தாக்குப்பிடிப்பார், அடுத்தவர் நாலு மாதம்.

தாத்தா ஏன் வீடு விட்டுப்போகவில்லை? குடித்துத் தீர்த்துவிட்டார் என்று நம்ம ஆட்களே பேசக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். 1930-களில் அரசு அமைப்புகளே வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம். அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். அரசு உத்தரவாதத்தோடு மலிவான வீட்டுக்கடன் வெள்ளையர் புறநகர்களுக்குப் போனது. வீட்டு விற்பனையில் இனம் பார்ப்பதைத் தடை செய்த சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளைக் குடும்பங்கள் வீட்டின் விலையேற்றத்தில் ஏறிவிட்டன.

இதைவிட எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த எண் வேறு. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு. கோடிக்கணக்கானவர்களின் வரிக் கணக்கையும் மக்கள்தொகைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். வருமானத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் வளர்ந்த வெள்ளைப் பையன்களில் 39 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் அதே மேல்தட்டில் இருந்தார்கள். கறுப்பினப் பையன்களில் 17 சதவீதம். அடித்தட்டுக்கு விழுந்தவர்கள் வெள்ளையரில் 10, கறுப்பினத்தவரில் 21. அதாவது பணக்கார வீட்டில் பிறந்த கறுப்பினப் பையன் மேலே நிலைப்பதைவிடக் கீழே விழுவதற்கே வாய்ப்பு அதிகம். பெண்களிடம் இந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. வீடும் பள்ளியும் வளர்ப்பும்தான் காரணம் என்றால் அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தானே விழ வேண்டும்?

கிழக்குக்கரை, உங்கள் கவுண்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் மேரிலாந்திலேயே அதிக வீடுகள் ஜப்திக்குப் போனது அங்கேதான். நல்ல கடனுக்குத் தகுதி உள்ளவர்களுக்கே அதிக வட்டிக் கடன் தள்ளப்பட்ட காலம் அது. கன்ட்ரிவைட் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் கறுப்பின, ஹிஸ்பானியக் கடன்தாரர்களிடம் பாகுபாடு காட்டியதாக நீதித்துறை தொடுத்த வழக்கு 2011 டிசம்பரில் 33.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.


#5 நெல்லைச்சீமை
ஞாயிறு, காலை 8.20

கணக்கு சார், சொத்து விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தானே? சொத்து என்பது வர்க்கம். சம்பளத்தை வைத்து நடுத்தர வர்க்கம் என்று தப்பாகப் பேர் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம். 2009 ஜூலையில் ஹார்வர்டின் கறுப்பினப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்து சிக்கிக்கொண்ட தன் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார். திருடன் என்று யாரோ போலீசுக்குச் சொல்ல, சொந்த வீட்டு வாசலிலேயே விலங்கு மாட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஐந்தே நாளில் வழக்கு கைவிடப்பட்டது. அந்த மாதக் கடைசியில் கைது செய்த அதிகாரியோடு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒபாமாவும் கேட்ஸும் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். ஒரு ஏழைக் கறுப்பினத்தவருக்கு இது நடக்குமா? வர்க்கம் காப்பாற்றியது.


#6 பழைய இதழ்
ஞாயிறு, காலை 9.00

நல்ல உதாரணம், நானே கொடுத்திருப்பேன். அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வாசலில், முதல் பத்து நிமிடத்தில், அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரின் கைத்தடியும் ஹார்வர்டு அடையாள அட்டையும் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் வர்க்கம் வந்து சேர்ந்தது. காகிதத்தை எடுத்துக் காட்ட அவகாசம் இருக்கும் இடத்தில் வர்க்கம் பேசும். அவகாசம் இல்லாத இடத்தில், ரோட்டில், கடையில், இருட்டில், நிறம்தான் பேசும். அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்து உயிரோடு ஐந்தாம் நாளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பிரச்சினை. கையில் பிடித்த ரசீதை நான் அப்படித்தான் படிக்கிறேன். அவகாசம் கிடைக்காது என்று தெரிந்து காகிதத்தை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்கிறார்.


#7 இரவுப்பணி
ஞாயிறு, மதியம் 1.45

அட்லாண்டாவில் பிரசவ வார்டில் நர்ஸ் நான். தூங்கி எழுந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பழைய இதழ் அண்ணன் சொன்ன 'காகிதம்' எங்கள் வார்டில் தினமும் நடக்கும். கறுப்பினப் பெண்கள், அதிலும் படித்த பெண்கள், உள்ளே வந்த ஐந்து நிமிடத்தில் தங்கள் வேலையைப் பேச்சில் எப்படியாவது கொண்டுவந்துவிடுவார்கள். 'நான் கோர்ட்டில் இருந்து நேரே வந்தேன்', 'என் மாணவர்கள் பரீட்சை' என்று. ஆரம்பத்தில் பெருமை என்று நினைத்தேன், கொஞ்சம் எரிச்சலும் பட்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண், வக்கீல், பிரசவம் ஆன மறுநாள் தலைவலி தாங்கவில்லை என்று மூன்று தடவை சொன்னார். மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். நாலாவது தடவை குரலை மாற்றி, வழக்காடுகிற மாதிரி, இரத்த அழுத்தம் எப்போது பார்த்தீர்கள், யார் பார்த்தது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அப்புறம்தான் டாக்டர் ஓடி வந்தார். அழுத்தம் ஆபத்தான அளவில் இருந்தது. அவர் வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொன்னது: 'குரல் மாற்றத் தெரியாதவள் என்ன செய்வாள்?'

செரீனா வில்லியம்ஸ் கதை தெரிந்திருக்கும். 2017-ல் பிரசவத்துக்குப் பிறகு நுரையீரலில் இரத்தக்கட்டு வந்திருக்கிறது என்று அவரே கண்டுகொண்டு ஸ்கேன் கேட்டார். வலி மருந்தில் உளறுகிறார் என்று முதலில் நினைத்தார்களாம். அவர் விடாமல் கேட்டதால் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டு இருந்தது.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக இறக்கும் விகிதம், அதே படிப்புள்ள வெள்ளைப் பெண்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல். பள்ளிப்படிப்பே முடிக்காத வெள்ளைப் பெண்களைவிடவும் அதிகம். நெல்லை அண்ணா, இதில் வர்க்கம் எங்கே காப்பாற்றியது?


#8 நெல்லைச்சீமை
ஞாயிறு, மாலை 4.10

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி.


#9 மிச்சிகன் ஏரி
ஞாயிறு, மாலை 6.30

நான் சிகாகோவில் பதினெட்டு வருஷம். எல்லோரும் கறுப்பினத்தவர் - வெள்ளையர் சந்திக்கும் இடத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அங்கே நடப்பதில்லை. உறவுக்குள் நடக்கிறது.

தெற்கு சிகாகோவில் சாத்தம் என்று ஒரு பகுதி. செங்கல் வீடு, வெட்டிய புல், வாசலில் பூச்செடி. நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சன் 1950-களில் அங்கே வீடு வாங்கியபோது ஜன்னலில் துப்பாக்கியால் சுட்டார்கள். அப்போது வெள்ளையர் பகுதி. பத்துப் பதினைந்து வருஷத்தில் அவர்கள் எல்லோரும் கிளம்பிவிட, கறுப்பின ஆசிரியர்கள், தபால்காரர்கள், பஸ் ஓட்டுநர்கள், வக்கீல்கள் ஊராக ஆனது. ஆனால் வெள்ளை நடுத்தர வர்க்கம் ஏழைகளை விட்டு இருபது மைல் ஓட முடிந்தது. இவர்களால் நாலு தெருதான் நகர முடிந்தது. மேரி பட்டில்லோ என்ற சமூகவியலாளர் 1999-ல் தெற்கு சிகாகோவின் இப்படி ஒரு பகுதியைப் பற்றி எழுதியதை வாசியுங்கள். ஒரே பாட்டிக்கு ஒரு பேத்தி பட்டதாரி, ஒரு பேரன் போதைப்பொருள் விற்பவன். இருவரும் நன்றி தெரிவித்தல் நாளில் ஒரே மேசையில். போலீசைக் கூப்பிடலாம் என்றால் பிடிபடுவது தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவரின் மகன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி மாதச் சம்பளம் வந்த அன்று ஒரு துண்டுச்சீட்டு எழுதுவார். தம்பியின் ஜாமீன் கடன் பாக்கி, அத்தையின் மருந்து, அக்கா மகளுக்குப் புத்தகம். 'என் சம்பளத்தைப் பார்த்தால் நான் மேனேஜர். இந்தச் சீட்டைப் பார்த்தால் நான் ஒரு தெரு' என்பார். குடும்பத்தில் முதலில் மேலே வந்தவர் என்றால் நம்ம ஊரிலும் இந்தச் சீட்டு உண்டுதான். ஆனால் கணக்குப்பிள்ளை சொன்ன சொத்துக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். மேலே இருந்து எதுவும் வரவில்லை, கீழேயும் பக்கவாட்டிலும் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண்மணிக்கு அது சுமை என்று மட்டும் சொன்னால் கோபம் வரும். அந்தத் தெருதான் தன்னைப் படிக்க வைத்தது என்பார்.


#10 நெல்லைச்சீமை
ஞாயிறு, இரவு 8.00

சரி, ஒரு பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை. உறவு, ஒற்றுமை என்று பேசுகிறீர்களே, அந்த மேல்தட்டின் வீண் ஜம்பத்தைக் கறுப்பினத்தவரே கிழித்திருக்கிறார்கள். ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், காலங்காலமாகக் கறுப்பினத்தவர் படிக்கும் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். 'கறுப்பு பூர்ஷ்வா' என்ற புத்தகம், 1955-ல் முதலில் பிரெஞ்சில் வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் ஆங்கிலத்தில் வந்தது. சொந்த வர்க்கத்தையே வறுத்து எடுத்திருப்பார். பெரிய தொழில் கிடையாது, பொருளாதார பலம் கிடையாது, ஆனால் நடன விருந்தும் உரோமக் கோட்டும் பத்திரிகையில் படமும் என்று ஒரு பாவனை உலகத்தில் வாழ்கிறார்கள். வெள்ளையர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏழைக் கறுப்பினத்தவரிடமிருந்து இவர்களே விலகிவிட்டார்கள் என்று. தேவாலயம், சங்கங்கள் சிலவற்றில் பழுப்புக் காகிதப் பையைவிடக் கறுத்த ஆளைச் சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு வழக்கமே பேசப்பட்டது. இதுவும் இனம்தானா?


#11 பழைய இதழ்
ஞாயிறு, இரவு 9.25

இனமேதான். கலப்பில் பிறந்த வெளிர்நிறப் பிள்ளைகளுக்கு அடிமைக் காலத்திலேயே சில இடங்களில் விடுதலையோ படிப்போ தொழிலோ கிடைத்தது. விடுதலைக்குப் பிறகு அவர்கள் வாரிசுகள்தான் முதல் டாக்டர், முதல் போதகர். அதனால் நிறத்தைப் பார்த்தே வர்க்கத்தைச் சொல்லும் பழக்கம் உள்ளுக்குள்ளேயே வந்துவிட்டது. வெள்ளையர் வைத்த அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவந்து தொங்கவிட்ட கதை.

ஃபிரேசியரை நான் பாதி ஏற்கிறேன். அவர் கோபம் நியாயம். ஆனால் அந்த நடன விருந்துகளை அவர் எதற்கு என்று கேட்காமல் சிரித்துவிட்டார் என்று படும். வேறு எங்கும் உள்ளே விடவில்லை! 1913-ல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஆட்சியில் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து வைத்தார்கள். அடுத்த வருஷம் முதல் வேலை விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. பள்ளிகளில் பிரிவினை கூடாது என்ற 1954 தீர்ப்பு வந்த பிறகும் பாருங்கள்: பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகள். தெற்கு மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய மாநிலங்களிலும் அடுத்த பத்து வருஷத்தில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பே ஆசிரியர்கள்தான். வெற்றி பெற்ற தீர்ப்பு அந்த வர்க்கத்தையே தட்டிவிட்டது. இதை அறிந்து நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.


#12 இரண்டாம்தலைமுறை
திங்கள், நள்ளிரவு 12.40

என் தமிழ் சுமார், பொறுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் வளர்ந்தேன். என் பள்ளித் தோழி கறுப்பினப் பெண், அப்பா அம்மா இருவரும் டாக்டர்கள். எங்கள் வகுப்பில் அவளை 'ஓரியோ' என்பார்கள். ஓரியோ பிஸ்கட் மாதிரி வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை என்று அர்த்தம். சொன்னது கறுப்பினப் பிள்ளைகளும்தான். அவள் பேசுகிற ஆங்கிலம், படிக்கிற புத்தகம், எல்லாம் குற்றம். ஆனால் வெள்ளைத் தோழி வீட்டு நீச்சல்குளத்துக்குப் போனால் எல்லோரும் அவள் முடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் விருந்தாளி.

அவள் அம்மா அவளை மாதம் ஒருமுறை ஜாக் அண்ட் ஜில் கூட்டத்துக்கு நாற்பது நிமிடம் கார் ஓட்டிக் கூட்டிப்போவார். 1938-ல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பினத் தாய்மார் தொடங்கிய அமைப்பு. உள்ளே வர அழைப்பு வேண்டும், அதனால் மேட்டுக்குடி சங்கம் என்று கேலியும் உண்டு. அவள் என்னிடம் சொன்னாள்: 'அங்கே மட்டும்தான் நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம்.' அவளுக்கு நல்ல பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தும் ஹோவர்டுக்குப் போனாள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் புரியவே இல்லை. அவ்வளவு மார்க் வாங்கிவிட்டு எதற்கு அங்கே என்று. 1867-லிருந்து இருக்கிற பல்கலைக்கழகம் அம்மா, கமலா ஹாரிஸ் படித்தது என்று சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினார்.

மறுபக்கம், மிஷெல் ஒபாமா 1985-ல் பிரின்ஸ்டனில் எழுதிய இளங்கலை ஆய்வேடு இதே விஷயம்தான்: பிரின்ஸ்டனில் படித்த கறுப்பினத்தவர் பிறகு தங்கள் சமூகத்தோடு ஒட்டுகிறார்களா, விலகுகிறார்களா என்று பழைய மாணவர்களிடம் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார். அங்கே போன பிறகுதான் தான் கறுப்பினப் பெண் என்ற உணர்வு முன் எப்போதையும்விடக் கூடியது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். அவர் அப்பா சிகாகோ நகராட்சியின் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் இருந்தவரை அது பெரிய கேள்வியாகவே இருந்திருக்காது.


#13 கரிசல்
திங்கள், காலை 6.15

இதெல்லாம் அப்படியே நம் கதை. கலெக்டர் ஆனாலும் சாதி கேட்பான். அமெரிக்காவில் நிறம், இங்கே சாதி. ஒரு வரியில் முடித்துவிடலாம்.


#14 மிச்சிகன் ஏரி
திங்கள், காலை 6.50

முடித்துவிட வேண்டாம். ஒப்புமை இருக்கிறது, பெரியவர்களே பார்த்தது. 1946-ல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டு. அவரும் பதில் எழுதினார். ஆனால் இயங்கும் விதம் வேறு. அங்கே வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது, இங்கே சொந்த ஊர் எது, தாத்தா பெயர் என்ன என்று கேட்டுத் தோண்டுகிறார்கள். மறைக்க முடிகிற அடையாளமும் மறைக்க முடியாத அடையாளமும் மனிதனை வேறு வேறு விதமாகப் படுத்தும்.

நம்மைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வேறொன்று பேசலாம். நாமெல்லாம் இந்த நாட்டுக்கு வந்தது 1965 குடிவரவுச் சட்டத்தால். அது சிவில் உரிமைச் சட்டம், வாக்குரிமைச் சட்டம் வந்த அதே அலையில் வந்தது. வந்து இறங்கி வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது, 'அந்த ஏரியா எப்படி, ஸ்கூல் நல்லா இருக்குமா'. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.


#15 மட்டுறுத்துநர்
திங்கள், காலை 9.00

சாதி ஒப்பீட்டுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், பதினோரு பின்னூட்டங்களை அங்கே நகர்த்தியாயிற்று. இங்கே தலைப்போடு இருங்கள்.


#16 கிழக்குக்கரை
வெள்ளி, இரவு 10.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன். மிச்சிகன் ஏரி கேட்ட 'ஏரியா எப்படி' கேள்வியை நாங்களும் கேட்டோம். இந்தத் தெருவுக்கு வரும்போது சொந்தக்காரர் ஒருவர், 'அங்கேயா?' என்றார். நான் கோபப்படவில்லை, விலை குறைவு என்று சமாதானம் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. விலை ஏன் குறைவு என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. இதே அளவு வீடு போட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்த்தேன். வித்தியாசத்தின் லாபம் எனக்கு, நஷ்டம் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

அவரிடம் கேட்டுவிட்டேன். நேராக இல்லை. அவர் வீட்டுக்கடனை மாற்றப் போகிறார், வீட்டின் விலையை மதிப்பிடுபவர் வரும் நாள். போட்டோக்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் படம், பேத்தியின் பட்டமளிப்பு, ஒபாமா காலண்டர். பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். கலிபோர்னியாவில் மரீன் சிட்டியில் 2020-ல் ஒரு கறுப்பினத் தம்பதி வீட்டுக்கு 9,95,000 டாலர் மதிப்புப் போட்டார்கள். சில வாரம் கழித்துப் படங்களை எடுத்துவிட்டு வெள்ளைத் தோழி ஒருவரை வீட்டுக்காரியாக நிற்க வைத்தபோது அதே வீடு கிட்டத்தட்ட 15 லட்சம் ஆனது, வழக்கு போட்டுச் சமரசம் ஆனது என்று சொன்னார். 'என் வீட்டில் நான் இல்லாதபோதுதான் வீட்டுக்கு விலை அதிகம்' என்றார். படங்களைத் தூக்கிவைக்க நானும் கைகொடுத்தேன்.

அப்புறம் ரசீதைக் கேட்டேன். அவர் அப்பா தபால்காரராம். பழைய இதழ் சொன்னது நினைவுக்கு வந்தது. பையைத் திறந்து காட்டச் சொல்லும் முன்னாலேயே காட்டிவிடு, கேட்க வைத்தால் கேள்வி வளரும் என்பது அப்பா சொன்னது. இவர் அதைத் தன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார், மகன் கோபப்பட்டான், இப்போது அவன் தன் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சட்டைக்கு வேறு பதில். 'பயம் என்று நினைத்தாயா? எனக்கு நல்ல சட்டை பிடிக்கும். நீ அந்த அரைக்கால் சட்டையோடு எப்படித் தைரியமாக வெளியே வருகிறாய் என்பதுதான் எனக்கும் என் மனைவிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு.'

ஆனால் நான் எதிர்பார்க்காததை மறுநாள் பார்த்தேன். அவருடைய தங்கை வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே, அவர்கள் பிறந்து வளர்ந்த தெருவிலேயே இருக்கிறார். மதியம் அங்கே கிளம்பினார். பழைய டீ சர்ட், ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. புதுக் காரை விட்டுவிட்டு மகனின் பழைய காரை எடுத்தார். மனைவி வாசலில் நின்று, 'அந்த வாட்ச்' என்றார். கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் பதிவில் நான் கேட்ட கேள்வியைத் திருத்த முடியுமானால் திருத்தியிருப்பேன்.

அக்டோபரில் ஹோவர்டு பழைய மாணவர் விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அங்கே என்ன உடுத்துவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.


#17 இரண்டாம்தலைமுறை
வெள்ளி, இரவு 11.05

தோழியிடம் கேட்டேன். நீலம், வெள்ளை, சிவப்பு ஹோவர்டு நிறங்கள், அதில் எது இருந்தாலும் சரியாம். இஸ்திரி கட்டாயம் என்றாள். காலை முழுக்க நிற்க வேண்டும், ஷூ மட்டும் வசதியாக இருக்கட்டும்.